நிற்கும்போதா, ஓடும்போதா

ஏப்ரல் 27, ஞாயிறு

வண்டியின் கூரையில் மாட்டும் கேரியர் வந்துவிட்டது. பெட்டி நீளமாகவும் தட்டையாகவும் இருந்ததால் டெலிவரிக்காரர் அதை வாசல் கதவில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். கதவைத் திறந்தால் பெட்டி உள்ளே விழும். பின்வாசல் வழியாகச் சுற்றி வந்து எடுத்தேன்.

இந்த டைரி எங்கள் தீவன மில்லில் வருடப் பிறப்புக்குக் கொடுத்தது. இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை. இனி வண்டிக்கு என்று வைத்துக்கொள்கிறேன். எப்போது என்ன மாட்டினேன், எந்த நட்டு தளர்ந்தது என்று எழுதினால் பிற்பாடு உதவும். வீட்டு விஷயங்கள் இதில் வேண்டாம்.

ஆனால் கேரியர் எதற்கென்று சொல்லாமல் தொடங்க முடியாது. மில்லில் நான் வருகிற தானியத்தின் தரம் பார்ப்பவன். மக்காச்சோளம் பார்க்கக் காடுமேடெல்லாம் போய்வந்த பழைய ஜீப்பை மில் விற்றபோது நானே வாங்கிக்கொண்டேன். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. திலகவதிக்கு இரண்டு வருடங்களுக்கு முன் முதுகுத்தண்டில் இருந்த கட்டியை எடுத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, கால்கள் வராமல் போகலாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். வரவில்லை. வெகுநேரம் உட்கார்ந்தே இருந்தால் அவளுக்குத் தோல் புண்ணாகும் என்பதால் ஜீப்பின் பின்பக்கம் மெத்தை விரித்திருக்கிறேன். மெத்தை விரித்தால் சக்கர நாற்காலிக்கு இடமில்லை. நாற்காலி மேலே போக வேண்டும்.

ஆஸ்பத்திரியைத் தவிர அவள் எங்கும் வருவதில்லை. இருந்தாலும் வண்டி தயாராக இருக்கட்டும்.

கிடைத்ததிலேயே விலை குறைந்த கேரியர் இதுதான். பெட்டியைப் பிரித்தபோது திலகவதி கட்டிலிலிருந்தே கேட்டாள்.

"எவ்வளவு வெயிட் தாங்குமுங்க?"

"எழுபத்தஞ்சு கிலோன்னு போட்டிருக்கு. நாற்காலிக்கு அதுல கால்வாசிகூட வேண்டாம்."

"அது நிக்கும்போதா, ஓடும்போதா?"

இரண்டும் வேறு வேறாக இருக்கும் என்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

தேடிப் பார்த்தேன். ஓடும்போது எழுபத்தைந்து. நிற்கும்போது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அவளிடம் சொன்னேன். "அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

மே 1, வியாழன்

மில் விடுமுறை. காலையில் இரும்புக் குழாய்களை போர்ட்டிகோவில் பரப்பினேன். கூட வந்த தாளில் ஓர் எழுத்துகூட இல்லை, வெறும் படம். அதிலும் கேரியர் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி இருந்தது. நான் இரண்டு குறுக்குக் குழாய்களைத் தலைகீழாக மாட்டி, கழற்றி, மறுபடியும் தலைகீழாக மாட்டினேன்.

உள்ளிருந்து திலகவதி கூப்பிட்டாள். தண்ணீர் வேண்டுமோ என்று போனேன். தன்னை வெளியே தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள்.

பொங்கலுக்குப் பிறகு அவள் போர்ட்டிகோவுக்கு வந்தது இன்றுதான். தாளை வாங்கி ஒரு தடவை மட்டும் பார்த்தாள். பதினோராம் வகுப்புக்குத் தாவரவியல் எடுத்தவள், படத்தைப் பார்த்து உறுப்புகளைப் பிரித்து அறிவது அவளுக்குப் பழக்கம். போல்ட்டுகளை மடியில் கொட்டி நீளவாரியாகப் பிரித்தாள். நான்கு வாஷர்கள் குறைவாக வந்திருப்பதைக் கண்டுபிடித்ததும் அவள்தான். நான் ஆணி டப்பாவில் தேடி எடுத்து வந்தேன்.

பக்கவாட்டுக் குழாய்களை அவள் மடியில் வைத்தேன், நட்டுகளை அவளே இறுக்கினாள். நாற்காலிச் சக்கரத்தைத் தள்ளித் தள்ளிக் கைகள் உரமேறிவிட்டன. பிறகு ஒரு நட்டை நான் தளர்த்த முயன்றேன், முடியவில்லை. அதையும் அவள்தான் தளர்த்தினாள்.

மதியம் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. யாருக்கும் பசிக்கவில்லை.

மே 4, ஞாயிறு

கேரியரை டாப்பின் மேல் ஏற்றினேன். மழைத்தண்ணீர் வழிய டாப்பின் ஓரத்தில் தகரம் மடிந்து வாய்க்கால்போல் இருக்கிறது. அந்த மடிப்பைப் பக்கத்துக்கு மூன்றாக ஆறு கிளாம்புகள் கவ்விப் பிடிக்கின்றன. டிரில் வேலை இல்லை.

பத்து மணிக்கு மச்சான் நாச்சிமுத்து சேலத்திலிருந்து வந்தார். திலகவதியின் அண்ணன். பழமும் மருந்தும் நிறைய வாங்கி வந்திருந்தார். ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, விற்கப்போகிற வண்டிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். விற்பதாக நான் சொல்லவில்லை. ஆத்தூரில் ஒருவர் கேட்பதாக அவர்தான் சொன்னார்.

சாப்பிட்டபின் விஷயத்துக்கு வந்தார். அவர் வீட்டின் கீழ்த்தளம் காலியாக இருக்கிறது. பக்கத்துத் தெருவிலேயே பிசியோதெரபி. பகல் முழுக்கக் கூட இருக்க ஒரு நர்ஸம்மாவைப் பேசி வைத்திருக்கிறார். திலகவதி அங்கே வந்துவிடட்டும், நான் சனி ஞாயிறு வந்து போகலாம். ஜூன் கடைசிக்குள் முடிவு சொன்னால் ஆடி பிறப்பதற்குள் கூட்டிக்கொண்டு போய்விடலாம். "நீங்க மில்லுக்குப் போயிட்டா அம்மிணி நாளெல்லாம் ஒத்தையில கெடக்குது மாப்ளே. நான் தப்பா சொல்லல" என்றார். அப்போது அவருக்குக் கண் கலங்கியது.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

யோசித்துச் சொல்கிறேன் என்று திலகவதி அண்ணனிடம் சொன்னாள்.

இடது பக்க நடுக் கிளாம்பு பெயிண்டைக் கடிக்கிறது. சைக்கிள் டியூபை வெட்டி அடியில் வைக்க வேண்டும்.

மே 5, திங்கள்

இன்று வண்டிப் பக்கம் போகவில்லை.

மே 11, ஞாயிறு

எல்லாக் கிளாம்புகளுக்கும் அடியில் சைக்கிள் டியூப் வைத்தாகிவிட்டது. நாற்காலியை மேலே ஏற்றிக் கட்டி, ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டேன். நானும் வருகிறேன் என்றாள் திலகவதி. நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து மறுபடியும் சொன்னாள்.

மோகனூர் சாலையில் போனோம். கொஞ்சம் வேகம் எடுத்ததும் தலைக்கு மேலே ஊளைச் சத்தம். நாதஸ்வரக்காரர் சீவாளியை மட்டும் வைத்து ஊதிப் பார்ப்பாரே, அந்த மாதிரி. வேகத்தைக் குறைத்தால் நிற்கிறது, கூட்டினால் சுருதி ஏறுகிறது. காசுக்கேற்ற பொருள் என்று நினைத்து எனக்கு எரிச்சலாக இருந்தது.

பின்னால் மெத்தையில் படுத்திருந்தவளுக்கு எரிச்சல் வரவில்லை. மெதுவாகப் போகச் சொன்னாள், வேகமாகப் போகச் சொன்னாள், கண்ணாடியை இறக்கச் சொன்னாள், ஏற்றச் சொன்னாள். ஒரே சாலையில் மூன்று தடவை போய்வந்தோம். டீக்கடை வாசலில் இருந்தவர்கள் மூன்றாவது தடவை எழுந்து நின்று பார்த்தார்கள்.

கடைசியில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். சத்தம் முன் குழாயிலிருந்துதான் வருகிறது. குழாய் வழுவழுப்பாக ஒரே உருண்டையாக இருப்பதால் காற்று ஒழுங்காகச் சுருண்டு சுருண்டு கழன்று போகிறது. அந்த ஒழுங்கைக் கெடுத்தால் போதும். வண்டியில் கிடந்த கயிற்றை எடுத்து முன் குழாயில் இடைவெளி விட்டுச் சுற்றச் சொன்னாள். சுற்றினேன். சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது.

சத்தமில்லாத வண்டியில் திரும்பினோம். ரயில்வே கேட்டில் நின்றபோது அவள் கேட்டாள்.

"நான் சேலம் போயிட்டா நீங்க என்னங்க பண்ணுவீங்க?"

"வண்டி இருக்குதே. சனிக்கிழமையானா வந்துருவேன்."

"அவ்வளவுதானா?"

ரயில் வந்துவிட்டது. பெட்டிகள் அதிகமான சரக்கு ரயில்.

கயிற்றின் முனைகளுக்கு இன்சுலேஷன் டேப் ஒட்ட வேண்டும்.

மே 14, புதன்

திலகவதி தன் எடை இப்போது எவ்வளவு இருக்கும் என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தது போன வருடம். நாற்காலியோடு ஏறி நிற்கிற மாதிரி மெஷின் வீட்டில் கிடையாது. மில்லில் மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஆளிருக்காது என்றேன்.

எதற்கு என்று கேட்கவில்லை.

மே 18, ஞாயிறு

மில்லுக்குப் போனோம். வாட்ச்மேன் கேட்டைத் திறந்து திலகவதிக்கு வணக்கம் சொன்னார். முதலில் நாற்காலியை மட்டும் நிறுத்தோம், பிறகு அவளோடு. கழித்துப் பார்த்தால் ஐம்பத்திரண்டு. "மூட்டைக்கு ரெண்டு கிலோ கூட" என்றாள் அவள். ஐம்பது கிலோ மக்காச்சோள மூட்டையைச் சொல்கிறாள்.

போன வேலை முடிந்தது. ஆனாலும் அங்கே இருந்ததால் இரண்டு மூட்டை மக்காச்சோளத்தைக் கேரியர் மேல் ஏற்றி, குழாய்க்கும் டாப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குச்சியால் அளந்து பார்த்தேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான். கேரியர் கொஞ்சம்கூட இறங்கவில்லை.

மே 21, புதன்

கேரியரின் குழாய்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். சின்னச் சாமான் வைத்தால் நழுவும். அதனால் கனமான பிளைவுட் பலகை வாங்கி அளவுக்கு அறுத்துப் போல்ட்டு போட்டேன். கிளாம்புகள் இன்னும் இரண்டு வாங்கி, டியூப் வைத்து மாட்டினேன்.

மே 24, சனி

பலகை மேல் நான்கு விரற்கடைக் கனத்தில் ஸ்பாஞ்சு ஒட்டி ரெக்சின் சுற்றினேன். பெட்டிகள் அதிராமல் இருக்கும். பின்பக்கம் முதுகு உயரத்துக்கு ஒரு சட்டம் வைத்தேன். பெட்டிகள் பின்னால் சரியாமல் இருக்கும். பழைய வண்டிக் கடையில் சீட் பெல்ட் ஒன்று கிடைத்தது, அதையும் சட்டத்தில் பொருத்தினேன்.

மே 25, ஞாயிறு

காலையில் திலகவதி தானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போர்ட்டிகோவுக்கு வந்தாள். அண்ணாந்து வெகுநேரம் கேரியரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, பெட்டிக்கு எதுக்குங்க மெத்தை?"

நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பெட்டிக்கு முதுகு சாய வேற எடம் பண்ணியிருக்கீங்க."

துடைத்த ஸ்பானரையே மறுபடியும் துடைத்தேன். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வரச் சொல்லி, போனில் ஒரு படத்தைக் காட்டினாள்.

கொல்லிமலையில், செம்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மிளகுத் தோட்டம். அவளோடு வேலை பார்த்த ரெஜினா டீச்சர் இப்போது அங்கே பள்ளியில் இருக்கிறாள். தோட்டம் அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரருடையது. படத்தில் ஒரு பெரிய மரம். கவைகளில் பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஆர்க்கிட் செடிகள். உடம்பு நன்றாக இருந்தபோது மாணவிகளோடு போய் அந்த மரத்தடியில் நின்று பைனாகுலரில் பார்த்திருக்கிறாளாம். ஜூனில் பூக்கும். ஒரு மனுஷி எட்டிப் பிடிக்க முடியாத உயரம். பக்கத்தில் போய்ப் பார்க்க அப்போது வழி இல்லை, ஏணி வைத்தால் செடி நசுங்கும். அதற்குப் பிறகு வந்த ஜூனில் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

"கால் நல்லா இருந்தப்ப பாக்க முடியாததை இப்ப பாக்கோணும்னு ஏன் தோணுதுன்னு எனக்கே தெரியலீங்க" என்றாள். "ஆனா அந்தப் பெட்டி வந்தன்னைக்கே தோணிருச்சு."

எப்படி மேலே ஏறுவது என்பதையும் யோசித்து வைத்திருந்தாள். தோட்டத்துக்குள் ஒரு மண்பாதை. பாதையின் மேட்டுப் பக்கம் கல்லடுக்கிக் கட்டிய சுவர், அதன் மேல் அடுத்த படி நிலம். சுவரின் உயரமும் ஜீப் டாப்பின் உயரமும் ஏறக்குறைய ஒன்று. ரெஜினாவை விட்டு அளக்கச் சொல்லியிருக்கிறாள். மேல் நிலத்துக்கு நாற்காலி போகிற மாதிரி வழி இருக்கிறது. ஜீப்பைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி நடுவில் பலகை போட்டால், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுகிற மாதிரியே அவள் கேரியருக்கு மாறிக்கொள்வாள். யாரும் தூக்க வேண்டாம்.

"அப்பறம்?" என்றேன்.

"அப்பறம் மரம் வரைக்கும் நீங்க வண்டிய ஓட்டோணும்."

மரம் சுவருக்குப் பக்கத்தில் இல்லை. பாதை வளைகிற இடத்தில், கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அதாவது அவள் மேலே இருக்கும்போது வண்டி நகர வேண்டும். நான் முடியாது என்றேன். நிறுத்தி வைக்கிற வண்டியின் மேல் உட்கார்வது வேறு, ஓடுகிற வண்டியின் மேல் உட்கார்வது வேறு. முதல் நாளே அவள்தானே கேட்டாள் என்றேன். மேடு பள்ளம், வேர், கல். ஏதாவது ஆனால் மச்சானுக்கு நான் என்ன பதில் சொல்வது என்றும் கேட்டேன்.

"அண்ணனுக்குப் பதில் நான் சொல்லிக்கிறேன். ரெண்டு வருஷமா என்னைய எல்லாரும் தூக்கி வெக்கறீங்க, எறக்கி வெக்கறீங்க. நல்லபடியாத்தான் செய்யறீங்க, குத்தம் சொல்லல. ஆனா எங்க போலாம்னு யாரும் என்னையக் கேக்கறதில்ல."

போனை மடியில் வைத்துவிட்டு, "நீங்களும்தான்" என்றாள்.

லோ கியரில் போட்டால் ஜீப் மனிதன் நடப்பதைவிட மெதுவாகப் போகும். முதலில் மூட்டை வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஜூன் 1, ஞாயிறு

மில் மைதானத்தில் ஓட்டிப் பார்த்தோம். திலகவதி நாற்காலியில் நிழலில் இருந்தாள். அவள் எடைக்கு ஒரு மூட்டையை நிறுத்து, சட்டத்தில் சாய்த்து, பெல்ட் போட்டேன். லோ கியரில் ஒரு சுற்று. நன்றாக இருந்தது. இரண்டாவது சுற்றில் வேண்டுமென்றே ஒரு கல்லின் மேல் ஏற்றி இறக்கி, பிரேக்கைச் சட்டென்று மிதித்தேன்.

மூட்டை அப்படியே இருந்தது. ஆனால் கேரியரே முன்னால் நகர்ந்துவிட்டது. எட்டுக் கிளாம்புகளும் தகர மடிப்பில் வழுக்கிக்கொண்டு இரண்டு விரல் அகலத்துக்கு வந்திருந்தன. நான் இறங்கிப் பார்த்துவிட்டு, மூட்டையை இறக்கி வைத்து, திலகவதியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் மச்சானுக்குப் போன் செய்தேன், வண்டியை விற்றுவிட ஆத்தூர்க்காரரிடம் பேசச் சொல்லலாம் என்று. அவர் எடுக்கவில்லை.

ஜூன் 2, திங்கள்

மச்சான் திருப்பிக் கூப்பிட்டார். என்ன விஷயம் என்றார். கை தவறி அழுத்திவிட்டேன் என்றேன்.

ஜூன் 3, செவ்வாய்

சாயங்காலம் திலகவதி ஒரு கிளாம்பைக் கழற்றித் தரச் சொல்லி மடியில் வைத்துப் பார்த்தாள். கவ்வுகிற முகம் வழவழப்பு, பல்லே இல்லை. நான் பெயிண்ட் போகாமல் இருக்க வைத்த சைக்கிள் டியூப் மெல்லியது, அழுத்தத்தில் பிதுங்கி வெளியே வந்து மசகுபோல ஆகிவிட்டது. கீழ்நோக்கி அழுத்துகிற எடையைக் கிளாம்பு தாங்கும். முன்னும் பின்னும் தள்ளுகிற விசையைத் தடுக்க அதில் ஒன்றும் கிடையாது.

"பெயிண்டக் காப்பாத்தப் போயி கேரியர வழுக்க விட்டுட்டோம்" என்றாள். விட்டுட்டீங்க என்று சொல்ல வேண்டியதை அவள் விட்டுட்டோம் என்று சொன்னாள்.

ஜூன் 7, சனி

டியூபை எடுத்துவிட்டேன். கிளாம்பு தகரத்தை நேராகக் கடிக்கட்டும், பெயிண்ட் போனால் போகிறது. லாரி பாடி கட்டும் பட்டறையில், ஒவ்வொரு கிளாம்புக்கும் முன்னாலும் பின்னாலும் மடிப்பில் சின்ன இரும்புத் துண்டு பற்றவைத்து வாங்கினேன். இனி நகர்ந்தால் அதில்தான் முட்ட வேண்டும். லாரியில் சரக்கை இறுக்கிக் கட்டுகிற அகலமான பெல்ட் இரண்டு வாங்கி, கேரியரின் மேலாகக் கொண்டுபோய், கதவு இடுக்கு வழியாக உள்ளே இழுத்து, டாப்போடு சேர்த்து முறுக்கினேன். பார்க்க அழகாக இல்லை. தலைவலிக்குத் துணி கட்டிக்கொண்ட ஆள் மாதிரி இருக்கிறது வண்டி.

ஜூன் 8, ஞாயிறு

கல்லின் மேல் ஏற்றினேன். பிரேக் அடித்தேன். மைதானம் முழுக்க ஏழெட்டுத் தடவை. கேரியர் அசையவில்லை. திலகவதி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து ஒவ்வொரு கிளாம்பாக அண்ணாந்து பார்த்தாள். "போலாமுங்க" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

ரெஜினா படம் அனுப்பியிருக்கிறாள். பூத்துவிட்டது.

ஜூன் 14, சனி

மத்தியானம் மலையேறினோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். நாற்காலி மேலே, அவள் பின்னால் மெத்தையில். பாதி வழியில் நிறுத்தி அவளைப் புரட்டிப் படுக்க வைத்து, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. குரங்கு ஒன்று கேரியர் மேல் ஏறி ஸ்பாஞ்சைக் கிள்ளிப் பார்த்தது, விரட்டினேன்.

செம்மேட்டில் குளிராக இருக்கிறது. ரெஜினா வீட்டில் வாசல்படிக்குப் பலகை போட்டுச் சரிவு செய்து வைத்திருந்தாள். அவளும் திலகவதியும் கட்டிலில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதைகள் பேசுகிறார்கள். நான் போய் மண்பாதையை நடந்து பார்த்தேன். சுவரிலிருந்து மரம் வரை வழியில் ஒரு வேரும் ஒரு பள்ளமும் இருந்தன. பள்ளத்தைக் கல் போட்டு நிரப்பினேன். வேரை ஒன்றும் செய்ய முடியாது.

மச்சான் போன் செய்திருக்கிறார். எடுக்கவில்லை. நாளை பேசலாம்.

ஜூன் 15, ஞாயிறு

இதை ரெஜினா வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் பனி விலகியதும் போனோம். ஜீப்பைச் சுவரை ஒட்டி நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கல் அண்டை கொடுத்தேன். மேல் நிலத்தில் ரெஜினா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். பலகையை நான் பிடித்தேன். திலகவதி பலகையின் இரு ஓரத்தையும் பற்றி, கையை ஊன்றி, உடம்பை நகர்த்தி, மறுபடி ஊன்றி, கால்களைத் தானே எடுத்து வைத்து, கேரியரில் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் உதவக் கை நீட்டினேன். அவள் பார்க்கவில்லை, அவளுக்கு வேலை இருந்தது. முதுகைச் சட்டத்தில் சாய்த்துப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். நான் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். பிறகு இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.

"போய் வண்டிய எடுங்க" என்றாள்.

பலகையையும் சக்கரக் கற்களையும் எடுத்தேன். ரெஜினா கீழே பாதைக்கு வந்து, வண்டிக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே, கண்ணை எடுக்காமல் திலகவதியைப் பார்த்தபடி எனக்குக் கை காட்டினாள். லோ கியரில் போட்டேன். ஆக்ஸிலேட்டரில் கால் வைக்கவே இல்லை, வண்டி தானாக ஊர்ந்தது. எனக்கு அவள் தெரியவில்லை. தலைக்கு மேலே தகரம்தான். ரெஜினாவின் முகத்தைப் பார்த்துத்தான் மேலே என்ன நடக்கிறது என்று ஊகித்தேன். கல் நிரப்பிய பள்ளத்தைத் தாண்டினோம். வேர் வந்தது. முன் சக்கரம் ஏறும்போது ஒரு பக்கம் சாய்ந்தது. ரெஜினாவின் வாய் திறந்தது. சக்கரம் இறங்கியது. ரெஜினா வாயை மூடிக்கொண்டாள். பின் சக்கரத்துக்கும் அதேபோல. என் சட்டை நனைந்துவிட்டது. அவ்வளவு குளிரிலும்.

தகரத்தில் தட்டும் சத்தம் கேட்டது. நிறுத்தினேன். கியரில் போட்டு, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தேன்.

கீழேயிருந்து பார்த்தால் அவள் தலை இலைகளுக்குள் போய்விட்டிருந்தது. பூக்கள் அவள் முகத்துக்கு நேராகத் தொங்கின. சின்னச் சின்னதாக, வெள்ளையில் ஊதாப் புள்ளி, அடர்த்தியாக ஒரே காம்பில் நீளமாக. அவள் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அங்கே நிற்பது சரியில்லை என்று தோன்றியதால் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மேலே பேச்சுக் குரல் கேட்டது. முதலில் ரெஜினாவிடம் பேசுகிறாள் என்று நினைத்தேன். ரெஜினா தள்ளிப் போய் மிளகுக் கொடியடியில் உட்கார்ந்திருந்தாள். திலகவதி தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். இதழ் இத்தனை, இது உதடு, இது பை மாதிரி இருக்கிறது, உள்ளே தேன் இருக்குமோ, எறும்பு ஏன் இங்கே வருகிறது, வந்து ஏன் திரும்பிப் போகிறது. ஒரு கேள்வி, பிறகு ஒரு மௌனம், பிறகு இன்னொரு கேள்வி. தகரம் நடுவில் இருந்ததால் எல்லாம் தெளிவாகக் கேட்கவில்லை. எனக்குப் புரியவும் இல்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டு இரண்டு வருடங்கள் ஆகின்றன. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி ஓடாதபோதும் பிடித்துக்கொள்ள அது வசதியாக இருந்தது.

மச்சானின் போன் வந்தது. இந்தத் தடவை எடுத்தேன். வீட்டுப் போனையும் எடுக்கவில்லை, அம்மிணி போனையும் எடுக்கவில்லை, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். கொல்லிமலையில் என்றேன். அவளையும் கூட்டிக்கொண்டா என்றார். ஆமாம் என்றேன். அவளிடம் கொடுங்கள் என்றார்.

ஸ்பீக்கரில் போட்டு, ஜன்னல் வழியாகக் கையை மேலே நீட்டினேன்.

"அம்மிணி, எங்க இருக்கற?"

"மரத்து மேல இருக்கேண்ணா" என்றாள் திலகவதி. "சேலம் வரல. ஆத்தூர்க்காரர்கிட்டயும் வேண்டாம்னு சொல்லிருங்க. அடுத்த வாரம் வீட்டுக்கு வாங்க, வெவரமா பேசலாம். இப்ப கொஞ்சம் வேலையா இருக்கேன்."

கையை இறக்கிப் போனைக் காதில் வைத்தேன். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் பக்கத்தில் ஏதோ டிவி ஓடுவது கேட்டது. பிறகு டிவி நின்றது.

"மாப்ளே" என்றார். "என்ன மரம்?"

எனக்குத் தெரியாது. இத்தனை நாளும் மரம் மரம் என்றே பேசியிருக்கிறோம், கேட்டதில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மேலே பார்த்துக் கேட்டேன்.

"கடுக்காய்" என்றாள். "பூ அதோடதில்லன்னு சொல்லுங்க. மேல ஒட்டி வளர்ற செடியோடது." பிறகு அது ஏன் ஒட்டி வளர்கிறது, மரத்தின் சத்தை உறிஞ்சுமா உறிஞ்சாதா, வேர் எங்கே இருக்கிறது என்று நீளமாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவள் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொன்றாக மச்சானுக்குச் சொன்னேன். நடுவே அவர் ஒரு சந்தேகம் கேட்டார். அதை மேலே இருந்தவளிடம் சொன்னேன்.